எந்தக் கேள்விக்கு அந்த வெள்ளைப் பூ

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் வரும் ஒரு பழைய சிறுகதைக்கு நான் எழுதிய கேள்வி பதில் அது. வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதால் வரும் ஆபத்தை விளக்குக, ஐந்து மதிப்பெண். கீழே பதில், ஒரு பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக. என் அக்கா தட்டச்சு செய்து கொடுத்தது. அதோடு நான் கையால் எழுதிக் கொடுத்த தாளும் இருக்கிறது, ஒரு சொல்லின் கீழே மெலிதான பென்சில் கோட்டோடு. அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு, "இந்த ஸ்பெல்லிங் சரிதானாடா?" என்று கேட்டாள். சரிதான், அப்படியே அடி என்று அதட்டினேன். தப்புதான். அந்த வருடம் நாற்பது பிள்ளைகள் அதே தப்போடு, புள்ளி கமா பிசகாமல், கண்மூடித்தனத்தின் ஆபத்தைப் பற்றி மனப்பாடமாக எழுதிவைத்தார்கள். நானும் நாற்பது பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் நான் வாத்தியார். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். செங்கல்பட்டில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். மனை விற்கிறவர், வாங்குகிறவர், பாகம் பிரிக்க வந்து வாசலிலேயே சண்டை போடுகிற அண்ணன் தம்பிகள் என்று நாள் முழுக்க அவள் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். அடித்து முடித்ததும் அவளே வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். வடக்கே இன்னாருடைய நிலம், தெற்கே வண்டிப்பாதை என்று நான்கு எல்லையையும் படித்துவிட்டு, "நீங்க கேட்டது இதான? இதுலதான கையெழுத்துப் போடப் போறீங்க?" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் தாளை நகர்த்துவாள். எழுத்தர் சலித்துக்கொள்வார். வாசகம் தப்பானால் பத்திரமே தப்பு என்பது அவள் கட்சி. வீட்டிலும் அந்தக் குணம் விடாது. கடைக்கு அனுப்பினால்கூட இன்னா வாங்கிகினு வரணும், ஒரு தடவை சொல்லு பாக்கலாம் என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தத் தாளை அடிக்கும்போது கதை என்ன என்று கேட்டாள். நான் வாத்தியார் தோரணையில் சொன்னேன். ஓர் ஊர். அங்கே வருடாவருடம் ஒரு வழக்கம். ஏன் செய்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஒரு மனுஷி அதற்குப் பலியாகிறாள். அக்கா தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அத்தினி பேர்ல ஒருத்தர்கூடவா வாயத் தொறந்து கேக்கல?" என்றாள். அதுதான்க்கா கதையே என்று நான் சிரித்தேன். எவ்வளவு சுலபமாகச் சிரித்தேன் என்று நினைத்தால் இன்றைக்கு என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த மாதமே அக்காவின் இடது மார்பில் கட்டி தெரிந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அவள் ஒளித்து வைக்கவில்லை, மறுநாளே போய்க் காட்டினாள். சோதனை எல்லாம் முடிந்த பிறகு செங்கல்பட்டில் பார்த்த டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்துப் பேசினார். கட்டி கெட்ட கட்டிதான், ஆனால் சின்னது, இடம் விட்டு நகரவில்லை, உடனே அறுவை செய்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். அக்கா வழக்கம்போல அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். "உடனே பண்ணா பொழச்சுப்பேன். அதான சொல்றீங்க?" டாக்டரம்மா ஆமாம் என்றார். அக்காவுக்கு அது போதும். பேருந்தில் திரும்பி வரும்போது பயந்துதான் இருந்தாள். ஆனால் செய்துகொள்வது என்று முடிவுகட்டிவிட்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் முடிவுகட்டுவது மனிதர்கள் வேலை இல்லை. கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டினால் எங்கள் குலதெய்வமான அம்மன் இருக்கிறாள். கல்யாணமோ, வீடு கட்டுவதோ, வெளியூர் வேலையோ, எதுவானாலும் அவளிடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளை நந்தியாவட்டையில் ஒரு பொட்டலம், சிவப்பு அரளியில் ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே அளவாகக் கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். குடும்பத்தில் மூத்த ஆண் மனசுக்குள் கேள்வி கேட்பார். சின்னப் பிள்ளை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வரும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒரு விஷயத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். மறுபடி கேட்பது அம்மனைச் சோதிப்பது. இவ்வளவும் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம். என் கல்யாணத்துக்குக் கேட்டது, அக்கா கல்யாணத்துக்குக் கேட்டது எல்லாமே வெள்ளைதான் வந்தது. அதனால் ஒருவரும் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

அன்றைக்கு மூத்தவர் பெரியப்பா. அவரைக் கெட்டவர் என்று சொல்ல என்னால் இன்றும் முடியாது. அப்பா இறந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். அன்று விரதம் இருந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். பொட்டலம் கட்டியவன் நான். பூக்களைப் பறித்துவந்ததும் நான். அம்மா கைகூப்பியபடி நின்றாள். அக்கா வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. அக்காவின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளைத்தான் பூ எடுக்க அனுப்பினார்கள். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், யோசிக்காமல் கிட்டே இருந்த பொட்டலத்தை எடுத்து வந்து பெரியப்பா கையில் கொடுத்தாள்.

வெள்ளை.

அம்மா ஓவென்று அழுதாள். பெரியப்பா அப்படியே விழுந்து கும்பிட்டார். அக்கா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் அந்த ஒரு மாதத்தில் பார்த்திருக்கவில்லை. "அப்ப திங்கக்கெழமையே போயி அட்மிட் ஆயிடறேன் பெரியப்பா" என்றாள்.

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "எதுக்கும்மா?"

"ஆபரேஷனுக்குதான். அம்மன் உத்தரவு குட்த்துட்டாளே."

"இன்னாமா நீ? இவளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னா வெள்ளை குடு தாயேன்னுதான் நான் கேட்டேன். குட்த்துட்டா. ஒண்ணும் ஆவாதுன்னு அவளே சொன்னப்புறம் எதுக்கு ஒடம்பக் கிழிச்சிகினு?"

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் தொழிலே அதுதானே. "பெரியப்பா, ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னுதான் நான் மனசுல கேட்டுகினு இருந்தேன். அதுக்குதான் வெள்ளை வந்துச்சின்னு நெனச்சேன். நீங்க வேற ஒண்ணு கேட்டுக்கிறீங்க. ஒரே பூ, ரெண்டு கேள்வி. எதுக்குப் பதில்னு எப்பிடித் தெரியும்? இன்னொரு வாட்டி வாய்விட்டுக் கேளுங்க. எல்லார் காதுலயும் வுழறாப்புல கேளுங்க. செவப்பு வந்தா நான் போவல" என்றாள்.

"ரெண்டாவது வாட்டி கேக்கக் கூடாதும்மா."

"ஏன் கூடாது?"

"எங்கப்பா கேட்டதில்ல. அதான்."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். தெய்வத்திடம் வக்கீல் மாதிரி பேசாதே, வந்த நல்ல வாக்கைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அக்காவின் வாயைப் பொத்தினாள். அக்கா அம்மாவின் கையை விலக்கிவிட்டு, அங்கிருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுடா. நீதான் கிளாஸ்ல பாடமே நடத்துறியே. நீ சொல்லு."

எனக்கு எல்லாம் தெரியும். டாக்டரம்மா சொன்னதை அவளோடு உட்கார்ந்து கேட்டவன் நான். அவள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்பதும் தெரியும். ஆனால் பெரியப்பா ஈர வேட்டியோடு நிற்கிறார். அம்மா அழுகிறாள். கோயில் வாசலில் சண்டை வேண்டாம், வீட்டுக்குப் போய் நிதானமாக எடுத்துச் சொல்லலாம் என்று என் புத்தி எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. "வுடுக்கா. பெரியவங்க சொல்றாங்க இல்ல. பாத்துக்கலாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. பதிவு அலுவலகத்தில் யாரோ படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும்போது அவள் பார்க்கிற பார்வை அது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் நான் எடுத்துச் சொல்லவும் இல்லை. பரீட்சை வந்தது, தாள் திருத்தும் வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது அக்கா நன்றாகத்தான் இருந்தாள். செய்யூர்ப் பக்கம் யாரோ பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், அதைப் பற்றுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தனியாகக் கிளம்பி மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று எனக்கே தோன்றியதுண்டு. சொந்தச் சம்பளம், சொந்த மொபெட், ஊரே அவளிடம் வந்து பத்திரம் எழுதுகிறது. ஆனால் அம்மன் வாக்கை மீறிப் போய், ஏதாவது ஆகிவிட்டால், அவள் மகளை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? அம்மா இதை அவளிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறாள். கூட ஓர் ஆள், ஒரே ஓர் ஆள், நான் இருக்கிறேன் வா என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். அந்த ஆளாக இருந்திருக்க வேண்டியவன் ஒவ்வொரு ஞாயிறும் அவள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தான்.

எட்டு மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பழைய சீட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மூடிவைத்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள். கடைசி நாட்களில் என்னிடம் மகளுடைய படிப்பைப் பற்றி மட்டும்தான் பேசினாள். கோயில் விஷயத்தை அவள் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அந்த வாய்ப்பையும் அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று இந்த வழக்கம் ஒழிந்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். ஒரு பெண்ணின் உயிரைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் பந்தலில் உட்கார்ந்து பெரியப்பா சொன்னது இது. "பூ தப்பாச் சொல்லாது. நான் ஒண்ணு கேட்டேன், அந்தப் பொண்ணு மனசுல வேற ஒண்ணு கேட்டுகினு இருந்திருக்கு. அம்மனுக்கே கொழம்பிப் போச்சி. அதான் இப்பிடி ஆயிடுச்சி." சுற்றி இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அன்றிலிருந்து பூக் கேட்கும்போது கூட இருப்பவர்கள் மனசுக்குள் எதையும் நினைக்கக்கூடாது என்று புதிதாக ஒரு விதி சேர்ந்துகொண்டது. என் அக்கா செத்து இந்தக் குடும்பத்துக்குச் சேர்த்துவிட்டுப் போனது அந்த ஒரு விதிதான்.

அடுத்த வருடம் பெரியப்பாவோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். உப்பங்கழிப் பாலத்தின் மேல் போகும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "எங்கப்பா காலத்துல பாலம் கெடையாது. கோயிலுக்குப் படகுலதான் போவணும். தண்ணி ஏறதுக்குள்ள திரும்பிடணும்னு படகுக்காரன் கத்திகினே இருப்பான். ஒரு வாட்டி பூக் கேக்கறதுக்குள்ள தாலி அந்து போவும். ரெண்டாவது வாட்டிக்கு ஏது நேரம்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏதோ பழைய வேடிக்கை சொல்வது மாதிரிதான் சொன்னார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இவரிடம் இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

அக்கா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. பெரியப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இந்த வருடம் அம்மாவுக்கு இதயத்தில் வால்வு பழுது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். அம்மா பூக் கேட்காமல் ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கத்திப் பார்த்தேன், அக்காவைச் சொல்லிப் பார்த்தேன், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போது குடும்பத்தில் மூத்த ஆண் நான். சரி, கேட்கலாம் என்றேன். அதிகாலையில் நானே நந்தியாவட்டை பறித்தேன். அரளிச் செடிப் பக்கமே போகவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். அம்மன் முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "ஆபரேஷன் பண்ணிக்கலாம்னா வெள்ளை குடு தாயே" என்று கேட்டேன். சித்தப்பா பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். எடுக்காத பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கழியில் விட்டேன். அம்மா பிழைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வகையறா முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. அம்மன் சொன்னது சொன்னபடி பலித்தது, அவன் கை ராசியான கை என்றார்கள். பூக் கேட்பதையே விட்டுவிட்டிருந்த இரண்டு வீடுகள் மறுபடி ஆரம்பித்துவிட்டன. போன வாரம் சித்தப்பா மகன் தேடிக்கொண்டு வந்தான். அவன் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, எடுக்க வேண்டும் என்கிறார்களாம். "அண்ணே, நீ வந்து பொட்லம் கட்டிக் குடு. உன் கையால கட்டுனா அம்மன் சரியாச் சொல்லுவா" என்றான். அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இரண்டும் வெள்ளைடா. சிவப்பே வைக்கவில்லை. அம்மனும் சொல்லவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போ.

அவன் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தான். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதிர்ச்சியடைவாள், என்னைச் சபிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கைகூப்பினாள். கண்ணில் தண்ணீர். "ரெண்டும் வெள்ளை வெக்கணும்னு உன் மனசுல தோண வெச்சது யாருடா? அவதான்டா. அவ இல்லாம உனக்கு எப்பிடித் தோணும்?" என்றாள். சித்தப்பா மகனும் உடம்பு சிலிர்த்துப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் சொன்ன உண்மையையும் அவர்கள் அம்மன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இனி எதைச் சொன்னாலும் அங்கேதான் போய்ச் சேரும்.

அக்கா மகள் அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வந்து நின்றிருந்தாள். இருபத்தொரு வயது. செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. மாத்திரையை அம்மா கையில் வைத்து, தண்ணீர் டம்ளரைக் கொடுத்து, அவள் விழுங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு எங்கம்மாவுக்கு மட்டும் உனக்கு ஒண்ணும் தோணலயா மாமா?"